முதல் மேடைக்கு முன்: மாணவர் ராக் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு பாட்டுகளையும் பிழையில்லாமல் வாசிக்கத் தெரிந்த குழு, மேடையில் இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்குவதற்குள் சிதறிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிதார் வாசிப்பவர் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். பாடகி தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். டிரம்மர் அடுத்த பாட்டு எதுவென்று பேஸ் கிதார் வாசிப்பவரிடம் சைகையில் கேட்பார். இப்படியே ஒன்றரை நிமிடம் ஓடிவிடும். முதல் பாட்டுக்கு எழுந்து நின்று கைதட்டிய நண்பர்களே செல்போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அந்தக் கூட்டத்தைத் திரும்ப இழுப்பது பெரும்பாடு.

பாட்டு வேறு, நிகழ்ச்சி வேறு. மாணவர்கள் பாட்டைப் பயில்கிறார்கள். நிகழ்ச்சியையும் தனியாகப் பயில வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரி மாணவர்களின் ஒத்திகைகளில் உடனிருந்து வரும் எனக்கு, முதலில் சொல்லத் தோன்றுவது இதுதான். கீழே உள்ளவற்றை எட்டு வாரக் கணக்கில் எழுதியிருக்கிறேன். உங்களிடம் ஐந்து வாரம்தான் இருக்கிறது என்றால் ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒத்திகைகளைக் குறைக்காதீர்கள்.

நாளும் இடமும்

நம் கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையைக் கடந்தது. அந்த மூன்று மாதங்களில் திறந்தவெளி மேடையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அரங்கத்துக்குள் என்றால் சரி. கல்லூரி விழாக்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். புதுச்சேரியில் இன்னொரு நல்ல வாய்ப்பு ஜூன் 21ஐ ஒட்டி வரும் இசைத் திருநாள். பிரான்சில் 1982இல் தொடங்கிய அந்த வழக்கம் இங்கும் வேரூன்றியிருக்கிறது. தெருவோரம் நின்று வாசிப்பவர்களுக்கு அன்று மக்கள் காதுகொடுக்கிறார்கள். முதல் மேடைக்கு அதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது: நின்று கேட்கிறவர் விரும்பித்தான் நிற்கிறார், பிடிக்காதவர் அமைதியாக அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்.

தேதி முடிவானதும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. உங்களுக்கு எத்தனை நிமிடம்? உங்களுக்கு முன்னும் பின்னும் யார்? டிரம்ஸ் அங்கே இருக்கிறதா, நாம் கொண்டுபோக வேண்டுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டு, கடைசி நாளில் ஷேர் ஆட்டோவில் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பேஸ் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு போன மாணவர்களை எனக்குத் தெரியும்.

நான்கு பாட்டு போதும்

20 நிமிடம் கொடுத்தால் ஐந்து பாட்டு வாசிக்கலாம் என்று மனம் கணக்குப் போடும். நான்குக்கு மேல் வேண்டாம். பாட்டுக்கு 4 நிமிடம் என்றால் 16 நிமிடம். மூன்று இடைவெளிகளுக்குத் தலா 20 விநாடி. கேபிள் மாட்டி, வணக்கம் சொல்லித் தொடங்க ஒரு நிமிடம். இதற்கு மேல் மிஞ்சும் இரண்டு நிமிடம் உங்களுக்குப் பாதுகாப்பு. கொடுத்த நேரத்துக்கு முன்பே இறங்கும் குழுவை அமைப்பாளர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள்.

வரிசையில் முதல் பாட்டு எல்லோருக்கும் தூக்கத்தில்கூட வரும் பாட்டாக இருக்க வேண்டும். அப்போது கை நடுங்கும், வாசிப்பவர்களை நோக்கி வைத்த ஸ்பீக்கரான மானிட்டரில் எதுவும் கேட்காது. கடினமான பாட்டை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வையுங்கள். சொந்தமாக எழுதிய பாட்டு ஒன்றாவது இருக்கட்டும், தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. ஆங்கிலப் பாட்டுகளை அப்படியே பிரதி எடுத்து வாசிப்பதைவிட, திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிறுத்தத்தைப் பற்றி நீங்களே எழுதிய மூன்று வரி கேட்பவரை உடனே நிமிர வைக்கும்.

பாடகரின் குரலுக்குத்தான் சுருதி

இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. ஆண் குரலுக்கு அமைந்த பாட்டை ஒரு பெண் பாடும்போதோ, இருபது வயதுப் பையன் எட்டாத உச்சிக்குத் தாவும்போதோ, மாற வேண்டியது பாட்டின் சுருதிதான். கிதார் வாசிப்பவர் மறுப்பார். விரல் வைக்காமல் மீட்டும் திறந்த இ தந்தியில்தான் அந்த இசைத் துண்டு நன்றாக ஒலிக்கும் என்பார். அவர் சொல்வது உண்மைதான். அப்படியானால் எல்லாத் தந்திகளையும் அரை சுரம் இறக்கிக் கட்டுங்கள், அல்லது தந்திகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ போட்டு ஏற்றுங்கள். ஆனால் ஒரு நிகழ்ச்சி முழுவதும் ஒரே கட்டில் இருங்கள். மேடையில் பாட்டுக்குப் பாட்டு தந்தியை இறக்கி ஏற்றினால் சுருதி நிற்காது.

சரியான சுருதியைக் கண்டுபிடிக்க எளிய வழி: பாட்டின் மிக உயரமான வரியை மட்டும் பாடகரை நின்றபடி மூன்று முறை தொடர்ந்து பாடச் சொல்லுங்கள். மூன்றாவது முறை கழுத்து நரம்பு புடைத்தால் ஒரு சுரம் இறக்குங்கள். வீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பாடும்போது எட்டும் உயரம், டிரம்ஸுக்கு எதிரே நின்று பாடும்போது எட்டாது.

வரைபடமும் மெட்ரோனோமும்

ஒவ்வொரு பாட்டுக்கும் அரைப் பக்கத்தில் ஒரு வரைபடம் எழுதுங்கள். தொடக்க இசை 4 பார், சரணம் 8 பார், பல்லவி 8 பார், இடையிசை 4 பார் என்று. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணி முடிக்கும் ஒரு சுற்றுதான் ஒரு பார். ஒலிப்பதிவைக் கேட்டே வாசித்துப் பழகியவர்கள் இதைத் தேவையில்லாத வேலை என்று நினைப்பார்கள். ஐந்து பேரும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்தும் ஒத்துப்போகாது. இரண்டாவது பல்லவி இரண்டு முறை வருமா ஒரு முறையா என்பதில்தான் பெரும்பாலும் வேறுபாடு இருக்கும். ஒத்திகையில் அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறியிருப்பீர்கள்.

அடுத்து வேகம். நிமிடத்துக்கு 120 அடி என்று பயின்ற பாட்டு, மேடைப் படபடப்பில் 132க்கு ஏறுவது சாதாரணம். 4 நிமிடப் பாட்டு அப்போது 3 நிமிடம் 38 விநாடியில் முடிந்துவிடும். கேட்பவருக்கு அந்த 22 விநாடி தெரியாது. பாடகருக்கு மூச்சு விட இடமில்லாமல் போனது தெரியும். ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் எண்ணாகப் பாட்டு வரிசைத் தாளில் எழுதுங்கள். டிரம்மர் தொடங்கும் முன் செல்போனில் தாள வேகத்தைக் காட்டும் மெட்ரோனோமின் ஒளித் துடிப்பை நான்கு அடி பார்த்துவிட்டுக் குச்சியைத் தட்டட்டும். செல்போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். பாட்டின் நடுவே அம்மா அழைத்தால் திரை மாறிவிடும்.

தொடக்கம், முடிவு, இடைவெளி

மூன்றாவது வாரத்திலிருந்து ஒத்திகையில் பாட்டின் நடுப்பகுதிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கொடுங்கள். அரை மணி நேரம், தொடக்கம் மட்டும். டிரம்மர் நான்கு தட்டு தட்டுகிறார், எல்லோரும் இரண்டு பார் வாசித்து நிறுத்துகிறார்கள். மறுபடியும். இருபது முறை. பிறகு அதே போல முடிவு. கடைசி அடியை யார் காட்டுவது என்று ஒருவரை நியமியுங்கள். கிதாரின் கழுத்தை உயர்த்தி இறக்கும்போது எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும் என்றால், அந்த நேரத்தில் எல்லோருடைய கண்ணும் அவர்மேல் இருக்க வேண்டும். தலை குனிந்து விரலைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறவர் இந்தப் பயிற்சியில் தானாக நிமிர்ந்துவிடுவார்.

இடைவெளியை எழுத்தில் திட்டமிடுங்கள். முதல் பாட்டிலிருந்து இரண்டாவதற்கு நிற்காமல் போவது நல்லது: முதல் பாட்டின் கடைசித் தட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே டிரம்மர் அடுத்ததை எண்ணத் தொடங்கிவிடலாம். இரண்டாவது முடிந்ததும் சுருதி சேர்க்கும் நேரம். அப்போது பாடகர் பேச வேண்டும். என்ன பேசுவது என்பதை இரண்டு வாக்கியமாக எழுதி மனப்பாடம் செய்யட்டும். குழுவின் பெயர், அடுத்த பாட்டு எதைப் பற்றியது, அவ்வளவு போதும். "எல்லோரும் நலமா? கேட்கவில்லையே, இன்னும் சத்தமாக!" என்று கூட்டத்தை அதட்டுவது முதல் மேடைக்கு வேண்டாம். பதில் வராவிட்டால் பாடகரின் முகம் வாடிவிடும்.

சுருதி சேர்ப்பது ஒலி வெளியே போகாமல் நடக்க வேண்டும். காலடியில் வைக்கும் பெடல் ட்யூனரை மிதித்தால் ஒலி அடங்கிவிடும். அதற்கு வசதி இல்லையென்றால் கிதாரின் தலைப்பகுதியில் மாட்டும் சிறிய ட்யூனர் போதும்; கிதாரின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அது மரத்தின் அதிர்வை உணர்வதால், சுற்றிலும் சத்தம் இருந்தாலும் வேலை செய்யும். பேஸ் டிரம் ஓங்கி ஒலிக்கும்போது மட்டும் தடுமாறும்.

தவறுக்கும் ஒத்திகை உண்டு

ஐந்தாவது வாரத்தில் நான் ஒரு பயிற்சி வைப்பேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரின் தோளைத் தட்டுவேன். தட்டப்பட்டவர் உடனே வாசிப்பதை நிறுத்த வேண்டும். மற்றவர்கள் நிறுத்தக் கூடாது. எட்டு பார் கழித்து மறுபடியும் தட்டுவேன், அவர் சேர்ந்துகொள்ள வேண்டும். முதல் நாள் பேஸ் வாசிப்பவரைத் தட்டினால் மொத்தக் குழுவும் நின்றுவிடும். கோபம்கூட வரும். அடுத்த வாரத்தில் டிரம்மரைத் தட்டினாலும் கிதாரும் குரலும் பாட்டைச் சுமந்துகொண்டு போகும். டிரம்ஸ் திரும்ப வந்து விழும் அந்த நொடியில் ஐவரும் சிரிப்பார்கள். ஒரு குழு உருவாவதை நான் கண்ணால் பார்ப்பது அந்த நொடியில்தான்.

தந்தி அறுந்தால், மைக் ஊமையானால், பாடகர் வரியை மறந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்தப் பயிற்சியே பதில். இதோடு ஒரு பொது விதியையும் வகுத்துக்கொள்ளுங்கள்: எங்கே இருக்கிறோம் என்று குழம்பினால் எல்லோரும் பாடகரைப் பின்தொடர வேண்டும். பாடகர் இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்குப் போனால், பல்லவிதான் சரி. பாடகரே தொலைந்துபோனால், டிரம்மரைப் பார்த்தபடி நான்கு பாரைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். தவறு செய்தவரைத் திரும்பி முறைக்காதீர்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தவறு நடந்ததே உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது.

கடைசி இரண்டு வாரங்களில் வட்டமாக நின்று வாசிப்பதை விடுங்கள். மேடையில் நிற்பதுபோல் ஒரே பக்கம், சுவரைப் பார்த்து நில்லுங்கள். நின்றபடி, மேடையில் போடப்போகும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, வரிசை மாறாமல், பேச்சும் சேர்த்து, நிறுத்தாமல் முழு நிகழ்ச்சியையும் மூன்று முறையாவது ஓட்டுங்கள். அறையின் மறுகோடியில் செல்போனை வைத்துப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் சண்டை வரும்.

சத்தம்

சிறிய அறையில் டிரம்ஸோடு போட்டிபோட்டு ஒவ்வொருவரும் கருவியின் ஒலியைப் பெருக்கும் ஆம்பைக் கூட்டிக்கொண்டே போவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது. குறைக்க வேண்டியது டிரம்ஸிலிருந்து. தோலின் மேல் மெல்லிய துண்டைப் போட்டு வாசியுங்கள். கிதார் ஆம்பைத் தரையில் வைக்காமல், வாசிப்பவரின் காது உயரத்துக்கு நாற்காலியில் ஏற்றுங்கள். முழங்காலுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருக்கும் ஆம்ப் அவருக்கு மட்டும் கேட்காமல், மற்ற எல்லோர் காதையும் பிளந்துகொண்டிருக்கும். கிதாரில் போடும் கரகரப்பையும் வீட்டில் வைத்திருக்கும் அளவில் பாதியாக்குங்கள். மேடை ஸ்பீக்கரில் அதுவே போதுமான முரட்டுத்தனத்தோடு வரும்.

காதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபெல் ஒலியில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கணக்கு வகுத்திருக்கிறார்கள். அதன்படி 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதாகத் தொடும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரை அடைப்பான்களை டிரம்மர் கட்டாயம் போட வேண்டும். ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போகும்போது காதில் ரீங்காரம் கேட்டால், அன்றைய சத்தம் அளவு மீறியது என்று பொருள்.

அனுமதி

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய 100 மீட்டர் அமைதிப் பகுதியாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும். பிறருடைய பாட்டுகளைக் கல்லூரிக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னிலையில் மாணவர்கள் வாசிப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு தருகிறது. உணவகத்திலோ டிக்கெட் போட்ட அரங்கிலோ வாசிப்பது வேறு. அங்கே உரிமம் எடுத்திருக்கிறார்களா என்று இடத்துக்காரரிடம் கேளுங்கள்.

மைக் செட் அண்ணன்

நம் ஊர் மேடைகளில் ஒலியைக் கையாளப்போகிறவர் வாடகைக்கு மைக் செட் கொண்டுவருபவர். ஆடி மாதக் கோயில் திருவிழாக்களின் மெல்லிசைக் கச்சேரிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் பல ஆண்டுகள் பழகிய கை அது. ராக் குழுவுக்கு ஒலி அமைத்து அவருக்குப் பழக்கம் இருக்காது என்று மாணவர்கள் ஒதுங்கி நிற்பது பெரிய தவறு. மெல்லிசையில் வளர்ந்தவர் குரலை மேலே தூக்கி வைப்பார். முதல் முறையாக வரும் குழுவுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஒரு வாரத்துக்கு முன்பே அவரை நேரில் போய்ப் பாருங்கள். கையில் ஒரு தாள் கொண்டுபோங்கள். அதில் மேடையின் படம்: நடுவில் பின்னால் டிரம்ஸ், அதன் இடப்பக்கம் பேஸ், வலப்பக்கம் கிதார், முன்னால் பாடகர், ஓரத்தில் கீபோர்டு. கீழே இணைப்புகளின் எண்ணிக்கை. குரலுக்கு 2 மைக், கிதார் ஆம்ப்களுக்கு 2 மைக், பேஸுக்கு ஒரு டி.ஐ. பாக்ஸ் (கருவியை நேராக, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி), கீபோர்டுக்கு ஒன்று, டிரம்ஸுக்குக் குறைந்தது 3. மொத்தம் 9. "அண்ணே, எங்களுக்கு ஒன்பது லைன் வேண்டும், இரண்டு மானிட்டர் கிடைக்குமா?" என்று கேட்டால் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். எட்டு லைன்தான் மிக்ஸரில் மிச்சம் இருக்கிறது என்றால் எதை விடுவது என்று அங்கேயே முடிவெடுக்கலாம். சிறிய இடத்தில் டிரம்ஸுக்கு பேஸ் டிரம் மைக் ஒன்றே போதும். மற்றவை தாமாகவே கேட்கும்.

கரண்ட்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாவாதீர்கள். எலக்ட்ரிக் கிதாரின் தந்தி, ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. மைக்கின் வலைத்தலை, மிக்ஸர் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. இரண்டும் ஒரே எர்த்தில் இருக்கும்வரை ஆபத்தில்லை. ஆம்ப் ஓரிடத்திலிருந்தும் மிக்ஸர் வேறிடத்திலிருந்தும் கரண்ட் எடுத்து, ஒன்றில் எர்த் அறுந்திருந்தால், கையில் தந்தியும் உதட்டில் மைக்கும் படும் நேரத்தில் பாடகரின் உடல்தான் இணைப்புக் கம்பி. நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். மூன்று பின் பிளக்கில் பெரிய உருண்டை பின்தான் எர்த். அது செருகப்படாமல் இரண்டு பின் அடாப்டர் போட்டு இணைத்திருப்பதை எத்தனையோ மேடைகளுக்கு அடியில் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாலை, மழை பெய்து ஓய்ந்த மைதானம். மரப்பலகை மேடை ஈரமாக இருந்தது. கிதாரும் வாசித்துப் பாடும் மாணவி ஒலிச் சோதனைக்காக மைக்கின் அருகே குனிந்தார், சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எறும்பு கடித்தது போல இருந்தது சார்" என்றார். கீழ் உதட்டில் ஒரு சிறிய சிவப்புப் புள்ளி. மேடைக்கு அடியில் போய்ப் பார்த்தால், ஆம்பின் கரண்ட் பக்கத்துக் கட்டடத்திலிருந்து தனி ஒயரில் வந்திருந்தது, எர்த் இல்லை. இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு மாற்றினோம். அன்றிலிருந்து என் பையில் டெஸ்டர் இல்லாமல் நான் எந்த மேடைக்கும் போவதில்லை.

செய்ய வேண்டியது: ஆம்ப்கள், கீபோர்டு, மிக்ஸர் எல்லாம் ஒரே மின் பலகையிலிருந்து, எர்த் உள்ள மூன்று பின் ஜங்ஷன் பாக்ஸ் வழியாக வர வேண்டும். எல்லாம் இணைத்து ஓடவிட்ட பிறகு, டெஸ்டரின் முனையைக் கிதார் தந்தியிலும் மைக்கின் வலைத்தலையிலும் தனித்தனியே வையுங்கள். விளக்கு எரிந்தால் யாரும் பாடக் கூடாது. எலக்ட்ரீசியன் வந்து சரிசெய்யும்வரை நிகழ்ச்சி காத்திருக்கட்டும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி போடுங்கள், வெறுங்கால் வேண்டாம். மைக்குக்கு நுரை உறை மாட்டுங்கள். அது உதட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். கடற்கரைக் காற்று மைக்கில் மோதி எழுப்பும் உறுமலையும் அடக்கும்.

பையில் இருக்க வேண்டியவை

உதிரித் தந்தி ஒரு செட், கூடுதலாக மிக மெல்லிய இரண்டு தந்திகள் தனியே. தந்தியை மீட்டும் பிக் பத்து. கேபிள் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று கூடுதலாக. டிரம் குச்சி மூன்று ஜோடி. டெஸ்டர், ஒயர் டேப், கத்தரிக்கோல், 9 வோல்ட் பேட்டரி, டார்ச். பெரிய எழுத்தில் எழுதிய பாட்டு வரிசைத் தாள் ஆளுக்கு ஒன்று. கடற்காற்று தூக்கிக்கொண்டு போகாமல் நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். துணி.

இவற்றோடு ஒரு ஜமுக்காளம். கடலூரில் ஒரு கல்லூரி விழாவில் பிளைவுட் மேடை. முதல் பாட்டிலேயே பேஸ் டிரம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரல்கடை முன்னால் நகர்ந்தது. இரண்டாவது பாட்டில் டிரம்மர் காலை நீட்டி, முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்து வாசித்தார். மூன்றாவதில் ஒரு நண்பன் மேடையேறி, டிரம்முக்கு முன்னால் குந்தி, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தான், பாட்டு முடியும்வரை. தடித்த பவானி ஜமுக்காளத்தை விரித்து, பேஸ் டிரம்மை அதன் மேல் வையுங்கள். டிரம்மரின் முக்காலியும் அதே ஜமுக்காளத்தின் மேல் இருக்க வேண்டும். அவருடைய எடையே துணியைப் பிடித்துக்கொள்ளும். டிரம்முக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்து டேப்பால் ஒட்டிவிட்டால் இன்னும் உறுதி.

தந்திகளை மூன்று நாளுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். புதுத் தந்தி ஒரு நாள் முழுக்க இளகிக்கொண்டே இருக்கும். மாற்றியவுடன் ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாக இழுத்துவிட்டுச் சுருதி சேர்ப்பதை ஐந்தாறு முறை செய்யுங்கள். மாற்றாமலே விட்டால் நம் உப்புக் காற்றில் துரு ஏறி, மேடையில்தான் அறும்.

அன்று

மதியம் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்; பாடகருக்கு மூச்சு இறங்காது. வெயிலில் நிற்கும் காரில் கிதாரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். இடத்துக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள்.

ஒலிச் சோதனையில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். பேஸ் டிரம், ஸ்நேர் என்னும் சிறிய டிரம், மற்ற டிரம்கள், பேஸ், கிதார், கீபோர்டு, கடைசியில் குரல் என்பது பொதுவான வரிசை. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் கையைக் கருவியிலிருந்து எடுத்துவிட வேண்டும். கிதார் வாசிப்பவர்கள் மெதுவாகத் தட்டிப் பார்ப்பார்கள். நிகழ்ச்சியில் எவ்வளவு ஓங்கி வாசிப்பீர்களோ அவ்வளவு வாசியுங்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு சரணமும் ஒரு பல்லவியும். முழுப் பாட்டு வேண்டாம், நேரமும் தொண்டையும் மிச்சம்.

வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். "சரியாகக் கேட்கவில்லை" என்றால் அண்ணனால் எதையும் செய்ய முடியாது. "மானிட்டரில் என் குரலைக் கூட்டுங்கள், கீபோர்டைக் குறையுங்கள்" என்றால் இரண்டு விநாடி வேலை. குரல் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். அந்த மைக் முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்க ஒலியைத் தள்ளும்படி செய்யப்பட்டது. பொத்தினால் எல்லாப் பக்க ஒலியையும் வாங்கி வீல் என்று கத்தும். கழுத்துப் பகுதியைப் பிடியுங்கள், உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரம், மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால்.

மேடையில்

ஏறும் முன் ஐந்து நிமிடம் ஐவரும் ஓரிடத்தில் சேர்ந்து நில்லுங்கள், செல்போன் இல்லாமல். முதல் பாட்டின் வேகத்தைத் தொடையில் தட்டிக்கொண்டு பல்லவியை முணுமுணுத்துப் பாருங்கள். ஏறியதும் கேபிள் மாட்டி, ட்யூனரைப் பார்த்து, ஒவ்வொருவரும் டிரம்மருக்குத் தலையசைக்க வேண்டும். நான்கு தலையசைப்பும் வந்த பிறகுதான் அவர் எண்ண வேண்டும். அதற்கு முன் யாரும் எதையும் வாசித்துப் பார்க்கக் கூடாது. அந்த அமைதி கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் கடைசி வரிசையின் தலைகளுக்குச் சற்று மேலே பாருங்கள். பாடகர் இசைத்துண்டு வரும்போது கிதார் பக்கம் திரும்பி நிற்கட்டும். கேட்பவரின் பார்வையும் கூடவே போகும். கடைசிப் பாட்டுக்கு முன் மைக் செட் அண்ணனுக்கு நன்றி சொல்லுங்கள்.

இறங்கிய பிறகு

உடனே கட்டிப்பிடித்துக் கொண்டாடத் தோன்றும். அடுத்த குழு காத்திருக்கிறது. முதலில் மேடையைக் காலி செய்யுங்கள். ஓரமாக வந்து கேபிளைப் பிரித்து எடுங்கள். டிரம்ஸை மேடையிலேயே பிரிக்காமல் அப்படியே தூக்கிக் கீழே இறக்கி, அங்கே பிரியுங்கள். கேபிளை முழங்கையில் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கேறி அறும்; அது விரும்பும் வட்டத்திலேயே கையில் தளர்வாகச் சுற்றுங்கள்.

வீட்டுக்குப் போனதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்துவிட்டுப் படுங்கள். வியர்வையும் கடற்காற்றின் உப்பும் அதில் இருக்கும். மூன்றாவது நாள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பதிவைக் கேளுங்கள். கேட்கும்போது பாட்டு வரிசைத் தாளின் பின்பக்கத்தில் ஆளுக்கு மூன்று குறிப்புகள், தன்னைப் பற்றி மட்டும். இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எத்தனை விநாடி ஆனது என்று கடிகாரம் வைத்து அளந்து, அந்த எண்ணை அடுத்த ஒத்திகையின் தேதியோடு சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள். ஜமுக்காளத்தைத் துவைத்து, கொடுத்த வீட்டில் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறையும் வேண்டியிருக்கும்.